மூன்றாம் மாடி வீடு விலைபோகாத கதை

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடியைத் துடைக்கிற ஒரே ஆள் நான். இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் அதைப் பிடித்துத்தான் ஏறுகிறார்கள். ஒருத்தருக்காவது கை அழுக்காகிறதே என்று தோன்றியதில்லை. அவர்கள்தான் என்னைக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பொருளாளராக்கினார்கள், சார். பதினோரு வருஷம் ஆகிறது. மாதச் சந்தாவைக் கொஞ்சம் ஏற்றினால் மூக்கால் அழுவார்கள். கூட்டத்துக்கு பிஸ்கட் தின்ன மட்டும் வருவார்கள். தலைவரைக் கேட்கவே வேண்டாம். அவரையே தூக்கில் போடும் உத்தரவை நீட்டினாலும் பேனா எங்கே என்றுதான் தேடுவார்.

மூன்றாம் மாடி டீச்சர் வீட்டை விற்கக் கிளம்பினாள். புருஷனுக்குக் கல்லீரல் ஆபரேஷன். இரண்டு மாதத்துக்குள் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நல்ல விலைக்கு ஆள் வந்தது, வங்கிக் கடனை நம்பி. கடன் கொடுக்குமுன் வங்கி எங்கள் சங்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பும். பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும். காலி என்றால் கடன் கிடையாது. நாளைக்கே லிஃப்ட் நின்று, கூரை ஒழுகினால் செலவு புது ஆளின் தலையில் விழும், அவன் தவணை கட்டமாட்டான் என்று பயம். மகா புத்திசாலிகள். கட்டடத்தை வந்து பார்க்கமாட்டார்கள், தாளைத்தான் பார்ப்பார்கள்.

காலி என்று எழுதிக் கொடுத்தேன். பொய்யில்லை. அன்று காலையில்தான் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நிதி முழுவதையும் என் மனைவி கணக்குக்கு மாற்றியிருந்தேன். வங்கி கையை விரித்ததும் சல்லிக்காசு குறையாமல் திருப்பிப் போட்டுவிட்டேன். அடுத்தடுத்து இன்னும் இரண்டு பேர் வாங்க வந்தார்கள். அந்த இரண்டு தடவையும் அப்படியே செய்தேன்.

என் மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது, வீடு வேண்டும். வங்கி கைவிட்ட வீட்டை ரொக்கம் வைத்திருப்பவன்தான் வாங்க முடியும். அவன் சொல்வதுதான் விலை. ஐந்தாவது மாதம் போய்ப் பாதி விலைக்குக் கேட்டேன்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்கண்ணா. அவர் கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு" என்று அழுதாள்.

"அழாதம்மா. நான் இருக்கேன்ல" என்றேன்.

பத்திரம் பதிந்த நான்காம் நாள் அந்த மனுஷன் போய்விட்டார். பணத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். காலம் கடந்துவிட்டது என்றாராம் டாக்டர்.

சாவு வீட்டுக்குக் கட்டடமே வந்தது. எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இத்தனை மாதமாக அவள் கதவைத் தட்டி என்னம்மா கஷ்டம் என்று கேட்ட ஒரு ஆள் அதில் கிடையாது. இதுகளெல்லாம் மனுஷ ஜென்மங்கள்.

நிதியை மாற்றியது நான். அந்த ஆள் பிழைத்திருக்கலாம் என்றால் அதுவும் என்னால்தான் போனது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்து எழுதுங்கள், சார். மூன்று பேர் அந்த வீட்டை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கைகொடுத்தவன் நான் ஒருத்தன்தான்.