அதாவது, நீங்கள் சொல்வது…

— மூணு வாரமா உங்க கவுன்சலிங்குக்கு வர்றேன் கோச் சார். இன்னிக்கு வரைக்கும் சொந்தமா ஒரு வார்த்தை பேசினீங்களா?

— நான் பேசலைன்னு உங்களுக்கு ஆதங்கமா இருக்கு.

— அட, நான் சொன்னதையே திருப்பிச் சொல்றீங்க! மலை முன்னாடி நின்னு கத்தினா அது காசு வாங்காம சொல்லும்.

— என்மேல கோபம் வருது.

— சார், நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கிறவன். பக்கத்துல இருக்கிறவன் “ஐயோ லாரி!”ன்னு அலறும்போது, “அதாவது, லாரி வர்ற மாதிரி உணர்றீங்க”ன்னு நான் சொல்லிட்டிருந்தா, ரெண்டு பேரும் இப்போ சுவத்துல படமாத் தொங்குவோம்.

— உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு.

— இருக்கு. என் வீட்டுக்காரி திரும்பி வருவாளாங்கிற பயம். அவ தம்பி வீட்டுல போய் உக்காந்துட்டா. “அடுத்தவங்க பேச்சைக் கேக்கப் பழகிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்”னுட்டா. உங்ககிட்டதான் கத்துக்கணும்னும் அவதான் சொன்னா. அவ பேச்சைக் காது குடுத்துக் கேட்ட ஒரே ஆள் நீங்கதானாம்.

— அவங்க… இங்க வந்திருக்காங்களா?

— ஒரே ஒரு தடவை. அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டா. அப்படி என்ன சார் சொன்னா உங்ககிட்ட?

— அதை வெளிய சொல்லக் கூடாது. தொழில் தர்மம்.

— ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. இருங்க, அவளுக்கே போன் போடுறேன். ஸ்பீக்கர்ல வைக்கிறேன்… ஹலோ, நான்தாம்மா.

— என்னங்க, மறுபடியும் சண்டை போடவா?

— சண்டை வந்துடுமோன்னு உனக்குக் கவலையா இருக்கு.

— ஐயோ, உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?

— என் உடம்பை நினைச்சுப் பதறுற… அட போ, இது எனக்கு வராது. நேராவே கேக்குறேன். கோச்கிட்ட என்ன சொன்ன நீ?

— கேள்வி கேக்கக் கூடாது சார்! அவங்க சொன்னதையே பிரதிபலிக்கணும்!

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். நீ சொல்லும்மா, நான் குறுக்க பேசல.

— பெருசா ஒண்ணும் இல்லங்க. ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கார் கத்துக்குடுக்கிறார், என்னை மட்டும் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டேங்கிறார்னேன்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். அதுக்கு அவர், “அதாவது, இந்தக் கல்யாணத்துலேர்ந்து வெளிய வரணும்னு நினைக்கிறீங்க”ன்னார். எனக்கே தெரியாம எனக்குள்ள அப்படி ஒண்ணு இருக்கும்போலன்னு கிளம்பிட்டேன்.

— நாளைக்குக் காலைல வண்டியோட வர்றேன். வீட்டுக்கு நீயே ஓட்டிட்டு வா.

— கத்துவீங்களே?

— கத்துவேன். பயிற்சி வண்டிதானே, என் பக்கத்துலயும் பிரேக் இருக்கு, தைரியமா வா.

— சரி… அந்த டிரைவிங் ஸ்கூல் தொப்பியைப் போட்டுட்டு வராதீங்க, பாக்க சகிக்காது. வெச்சுடுறேன்.

— சார், வர்றாளாம்! கேட்டீங்களா? சார்… ஏன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— போன மாசம் என் மனைவி, “வாசக்கதவு கிறீச் கிறீச்சுன்னு உயிரை எடுக்குது, கொஞ்சம் எண்ணெய் விடுங்க”ன்னா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— “அதாவது, இந்தக் கதவைத் தாண்டிப் போயிடணும்னு உனக்குத் தோணுது”ன்னேன். பெட்டியோட அந்தக் கதவு வழியாவே போயிட்டா.

— எண்ணெய் விட்டீங்களா சார்?