ரெண்டு கைப்பிடி

இல்ல சார், அங்க புடிக்காதீங்க, அது ஃபேன் காத்து வெளிய வர்ற வழி. இந்தாங்க, இந்தக் கைப்பிடி. முட்டிய மடக்கி, முதுக நேரா வச்சுக்கிட்டு தூக்கணும். ஆங், அவ்வளவுதான். பரவால்லையே, பாத்தா ஆபீஸ் ஆள் மாதிரி இருக்கீங்க, நல்ல பிடி உங்களுக்கு.

கனமா? கனம்னு சொல்ல முடியாது சார், இது போர்ட்டபிள். எங்க வேணா எடுத்துட்டுப் போகலாம்னுதானே செஞ்சதே. கொஞ்சம் சுவரோரமா வாங்க. உங்க காய்கறிப் பை வாசல்லயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. எதிர் வீட்டுக்குக் குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல, உங்களப் போய் இப்படிப் புடிச்சுக்கிட்டேன், தப்பா நெனைக்காதீங்க. நாலு மாடிதான். லிஃப்ட் இல்லாத கட்டடம்னுதானே நமக்கெல்லாம் வாடகை இவ்வளவாவது கம்மியா இருக்கு.

ப்ரொஜெக்டரா? எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. கம்ப்யூட்டர் சார். மேடைக்குப் பின்னாடி பெரிய திரை இருக்கும்ல, பாடுறவங்க குரல் ஏறுனா படமும் ஏறும், ஆடுறவங்க திரும்புனா அதுவும் திரும்பும், எல்லாம் அந்த நிமிஷத்துலயே. அத ஓட்டுறது நான். படத்த வரையிறது என் வொய்ஃப். ரெண்டு பேரும் சேந்து நடத்துற கம்பெனி. கீழ வேன்ல உக்காந்திருக்கா.

லேப்டாப்ல பண்ணக் கூடாதான்னா, பண்ணிக்கிட்டுத்தான் இருந்தோம். ஒரு தடவ ஒரு பெரிய கம்பெனியோட விழா. முதலாளி மேடையில நின்னு, செத்துப்போன அவங்கப்பாவப் பத்திப் பேசிக் கண் கலங்குறாரு. பின்னாடி அப்பாவோட படம் மெதுவா மலரணும். மலரல. லேப்டாப்பு அப்டேட் ஆக ஆரம்பிச்சிருச்சு. அவ்வளவு பெரிய திரையில, தயவுசெய்து அணைக்க வேண்டாம்னு எழுத்து. அவரு அப்பா கஷ்டப்பட்ட கதையச் சொல்லச் சொல்ல, பின்னாடி பத்து பர்சன்ட், இருவது பர்சன்ட். நான் வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன். நூறு வந்ததும் ஜனம் எழுந்து நின்னு கை தட்டுது சார். அந்த மனுஷன் அப்புறம் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, எங்க வளர்ச்சிய இவ்வளவு எளிமையா யாரும் காட்டுனதில்லன்னாரு. என் வொய்ஃப் வேன்ல ஏறி வீடு வர்ற வரைக்கும் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. இனிமே நம்ம கையால செஞ்ச மெஷின்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

இங்க எறக்கிக்கலாம். மெதுவா, மெதுவா. ரப்பர் கால் முதல்ல பதியட்டும். வழக்கமா நாங்க இங்கதான் முதல்ல எறக்குவோம்.

கைய உதறிக்கோங்க. முதல்ல இது சூட்கேஸ் அளவுதான் சார், ஒரே கைப்பிடி. அப்புறம் பெரிய திரைக்கு அந்த கிராபிக்ஸ் கார்டு பத்தல. பெருசு வாங்குனேன். அதுக்குப் பழைய பவர் சப்ளை தாங்கல, அதையும் பெருசாக்குனேன். ரெண்டும் சேந்து அடுப்பாக் கொதிச்சதுல ஃபேன் கூடிச்சு. இது அத்தனையும் உள்ள போகணும்னா பெட்டி பெருசாகணும்ல? கடைசியில ஒரு கைப்பிடி பத்தாதுன்னு ஹார்ட்வேர் கடையில போயி ரெண்டு வாங்கியாந்து போட்டேன். உங்க கைப்பிடியில பாருங்க, தள்ளுன்னு எழுதியிருக்கும். என்னுதுல இழு. கண்ணாடிக் கதவுக்கு வந்ததாம், மலிவாக் குடுத்தான். என் வொய்ஃப் பாத்துட்டு, இதுக்குப் பேரு போர்ட்டபிள் இல்ல, பல்லக்குன்னா. அன்னைலேர்ந்து எங்களுக்குள்ள இது பல்லக்குதான்.

போலாமா? இன்னும் கொஞ்சம் நிக்கணுமா? நில்லுங்க, அவசரமில்ல. ஷோ சாயங்காலம்தான்.

ஆனா ஒண்ணு சார், இதுல எத வேணாலும் கழட்டி மாத்தலாம். அதுதான் இதோட விசேஷமே. முதமுதல்ல போட்டதுல இன்னைக்கு மிச்சம் இருக்கறது இந்த ரப்பர் கால் நாலுதான். வீட்ல குழாய் ஒழுகும், வாஷரு மாத்த நேரம் இருக்காது. பால்கனிக் கதவு வருஷக்கணக்கா சாத்தாது. இதுக்கு மட்டும் புதுசா ஒரு கார்டு வந்துருச்சுன்னா அன்னைக்கே வாங்கி மாட்டிடுவேன். அவ ஒரே ஒரு தடவதான் சொன்னா. இந்த வீட்ல அப்கிரேடு பண்ண முடியாத ஒரே பார்ட்டு நீதான்னு. நான் நல்ல ஜோக்குன்னு நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

சரி, தூக்குங்க. திருப்பத்துல நான் முன்னாடி போறேன், நீங்க கொஞ்சம் ஒசத்திப் புடிங்க. ஆங்.

வொய்ஃபா? இல்ல, இப்ப இந்த வீட்ல இல்ல. அவ தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துல தனியா வீடு எடுத்து இருக்கா. நாலு மாசமாச்சு. சண்டைன்னு ஒண்ணும் இல்ல சார், சண்டை போட்டிருந்தாகூட நல்லா இருந்திருக்கும். ஒரு நாள் துணியெல்லாம் எடுத்து வச்சுட்டு, ஷோ இருந்தா கூப்புடு, வேலையில கொற வைக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ வரையாம என் மெஷின்ல ஓட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் ஓட்டாம அவ படம் திரைக்குப் போகாது. அதனால ஷோ அன்னைக்கு மட்டும் வருவா. மேல ஏறி வருவா, அந்தக் கைப்பிடியப் புடிப்பா, எறங்குவோம்.

இன்னைக்குத்தான் வரல. எனக்கென்னவோ அதுதான் காலைலேர்ந்து மனசே சரியில்ல. கீழேர்ந்து போன் பண்றா, வேன நிறுத்த எடமில்ல, விட்டுட்டு வர முடியாது, யாரையாவது புடிச்சுக்கோன்னு. கதவத் தொறந்தா நீங்க பையோட நிக்கிறீங்க.

எறக்குங்க, எறக்குங்க. முகமெல்லாம் செவந்து போச்சு உங்களுக்கு. உக்காருங்க, பெட்டி மேலயே உக்காரலாம், தாங்கும். இது கடைசித் திருப்பம், இதுக்கப்புறம் வாசல்தான்.

இந்த ஜன்னல் வழியா தெருவப் பாக்கலாம். அந்த வெள்ளை வேன்தான். பக்கத்துல எவ்வளவு எடம் காலியா கிடக்கு பாத்தீங்களா. லாரியே நிறுத்தலாம். இஞ்சின்கூட ஓடல. சும்மாதான் உக்காந்திருக்கா. ம்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன சார். அவ ரொம்ப நாளாக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு ஆள் தூக்குற மாதிரி இதச் செஞ்சுத் தொலையேன்னு. அவ போனப்புறம் எனக்கு ரோஷம் வந்துருச்சு. ராப்பகலா உக்காந்து செஞ்சு முடிச்சேன். நீங்க உக்காந்திருக்கீங்கல்ல, உங்க காலுகிட்ட ரெண்டு திருகு, என் பக்கம் ரெண்டு. கழட்டுனா இது ரெண்டு பெட்டியாப் பிரிஞ்சுடும். கைக்கு ஒண்ணாத் தூக்கிட்டு ஒரே ஆள் நடந்து போயிடலாம். நான் மாடிப்படியில ஏறி எறங்கிப் பாத்துட்டேன், மூச்சுகூட வாங்கல.

கோவப்படாதீங்க. நியாயம்தான், நீங்க கோவப்படலாம். முழுசாக் கேளுங்க. அவகிட்ட காட்டி அசத்தணும்னுதான் வச்சிருந்தேன். அடுத்த ஷோவுக்கு அவ வந்தா. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கைப்பிடியப் புடிச்சுட்டா. மேல, நாம முதல்ல எறக்கினோமே, அங்க எறக்கி வச்சுட்டு, கைய உதறிக்கிட்டே, சாப்டியான்னு கேட்டா. வீட்ட விட்டுப் போனப்புறம் வேலையத் தவிர அவ கேட்ட முதல் வார்த்த சார் அது. ரெண்டாவது திருப்பத்துல, குழாய் இன்னும் ஒழுகுதான்னா. இந்த இடத்துக்கு வந்தப்போ, நீங்க உக்காந்திருக்கற மாதிரியே பெட்டி மேல உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டே சிரிச்சா. அப்புறம் எப்படி சார் நான் அந்தத் திருகக் கழட்டுவேன்?

இப்பக் கழட்டச் சொல்றீங்களா? வேணாம் சார். வாசல் தாண்டுனா பாத்துடுவா. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, இன்னும் பத்துப் படி.

ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. வேன் கிட்டப் போனதும் அவ உங்களப் பாத்து, அடடா, நல்ல வேளை நீங்க கெடச்சீங்க, இனிமே கவலையில்லம்பா. அடுத்த ஷோவுக்கும் வருவீங்களான்னுகூடக் கேப்பா. சரின்னு மட்டும் தலையாட்டிடாதீங்க. இடுப்பப் புடிச்சுக்கிட்டு, அய்யோ, இது நம்மால ஆகாது, பழகுன ஆளுதான் வேணும்னு சொல்லிடுங்க.

என்னது, நெஜமாவே புடிச்சுக்கிச்சா? எங்க, வலது பக்கமா?

அப்பச் சரி, நீங்க நடிக்க வேண்டியதில்ல. வாங்க, தூக்குங்க.