முழுங்கின ‘ன்’

— மறுபடியும் ‘ன்’னை முழுங்கிட்டே, லோகப்பிரியா. களைச்சுப் போயிருக்கேன்னா ‘எஸ்தோய் கன்சாதா’. நீ ‘கசாதா’ங்கறே. கல்யாணம் ஆனவள்னு அர்த்தம் ஆயிடும்மா. போன மாசமே திருத்தின தப்பு இது!

— சாரிங் மிஸ்.

— ஏனுங்க மிஸ், நானு இவ அண்ணன், மோகன்குமாரு. இன்னைக்கு நானும் பக்கத்துல உக்காந்துக்கறேனுங்க. இடைஞ்சல் இல்லீங்களே?

— இந்த ஜாஹிதாவோட ஸ்பானிஷ் கிளாஸுக்கு யார் வேணா வரலாம். ஸ்பீக்கர்ல எதுக்குப் போட்டிருக்கீங்க?

— ஹெட்போன் ரிப்பேருங்க. அம்மிணி போனும் ரிப்பேரு. அதான் என்ற லேப்டாப்பு.

— எல்லாம் ஒரே நாள்லயா?

— நேரமுங்க.

— சரி. லோகப்பிரியா, வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரத்துல இன்டர்வியூ. இன்னைக்கு அட்ஜெக்டிவ் முடிச்சாகணும். இங்கிலீஷ் பழக்கத்துல குணத்தை முன்னாடி வைக்காதே. பொருள் முதல்ல, குணம் பின்னால. வாலும் ஒத்துப்போகணும். ஆண்பாலுக்கு ‘ஓ’, பெண்பாலுக்கு ‘ஆ’. சிவப்பு வீடு?

— காசா ரோஹா.

— அழகு! சிவப்பு கார்?

— கார்ரோ ரோஹோ.

— ஊடு பொம்பளை, காரு ஆம்பளைங்களா? பாஷை பரவால்லீங்க.

— இன்னும் கேளுங்க. நூறு பொண்ணுங்களோட ஒரே ஒரு பையன் நின்னாலும் மொத்தக் கூட்டத்துக்கும் ஆண் வால்தான்.

— த்தூ! அங்கயுமா?

— அம்மிணி, வாய்.

— இல்லீங்ண்ணா. சாரிங்ண்ணா.

— விடுங்க, அவ கேட்டது நியாயம்தான். லோகப்பிரியா, உன் ரூம்ல இருக்கறதுல ரெண்டு சொல்லும்மா.

— புவெர்தா செர்ராதா. சாத்தின கதவு.

— அழகு! அடுத்தது?

— வெந்தானா செர்ராதா. சாத்தின ஜன்னல்.

— பட்டப்பகல்ல எல்லாத்தையும் சாத்தியா வெச்சிருக்கே?

— வெயிலுங்க மிஸ். அவளுக்கு ஆகாதுங்க.

— மிஸ், ‘அசுஸ்தாதா’வுக்கும் இதே வால்தானுங்களே?

— ஆமா, பயந்து போனவ. அது இன்னைக்குப் பாடத்துல இல்லையேம்மா. எதுக்குக் கேக்கறே?

— இன்டர்வியூன்னா பயமுங்க அவளுக்கு. அதான் வேண்டாம்னு சொல்லிப்போட்டோம். வெள்ளிக்கிழமை வரமாட்டாளுங்க. நாளைக்குத் தாராபுரத்துல இவளுக்கு உப்புசக்கரை மாத்தறோம்.

— கல்யாண நிச்சயமா? லோகப்பிரியா, நீ சொல்லவே இல்லையே!

— எனக்கே காலைலதான் சொன்னாங்க மிஸ்.

— கடைசியா ஒரு கிளாஸுன்னு காலைப் புடிச்சு அழுதாளுங்க. போவுது, படிச்ச புள்ளைன்னு உட்டேன். இருங்க, போன் வருது. நீங்க நடத்துங்க. அலோ, சொல்லுங்க மாமா… ஆமாங்க, ரெண்டு வண்டி போதுமுங்க…

— லோகப்பிரியா, கண்ணெல்லாம் வீங்கியிருக்கே. உடம்புக்கு என்னம்மா?

— எஸ்தோய் கசாதா.

— கன்சாதா. ‘ன்’ வரணும். மறுபடி சொல்லு.

— எஸ்தோய் கசாதா.

— மூக்குல சொல்லும்மா. கன்…

— எஸ்தோய் கசாதா, மிஸ்.

— கன்சாதா இல்லையா? கசாதாவேதானா?

— அதேதானுங் மிஸ்.

— இரு. லோகப்பிரியா… அசுஸ்தாதாவுமா?

— ஆமாங் மிஸ். அதுவுந்தான். ரொம்ப.

— சரி. அழாதே. பாடம் நடத்தற மாதிரியே பேசு. நான் இப்பவே ஒரு போன்…

— மாமா, அப்புறம் கூப்பிடறேனுங்க. ஏனுங்க மிஸ், யாருக்குங்க போனு?

— இல்லைங்க, அவ அந்தப் பழைய தப்பையே திரும்பத் திரும்பப் பண்றா. அதான் வேற புக் ஒண்ணு வரவைக்கலாம்னு…

— புக்கெல்லாம் வேண்டாமுங்க. எங்க சனத்துல மொத டிகிரி இவதானுங்க, யுனிவர்சிட்டி ரேங்க்கு. ஒரே தப்ப நாலு வாட்டி பண்ண மாட்டாளுங்க. இவளைக் கட்டுனவன் பேரை நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுங்களா?