காந்தம் தெற்கே திரும்பியபோது

இங்கே காபி நன்றாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்துக் காபியை வாயில் வைக்க முடியாது. அதைக் குடித்தே பாதி ஆயுள் போயிற்று. மீதியைச் சூரியக் காற்று கொண்டுபோயிற்று.

சூரியன் ஓயாமல் ஊதித் தள்ளும் பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவைத்தான் அப்படிச் சொல்கிறோம். பூமிக்கு முன்னால் காவல் நிற்கும் விண்கலத்தை அது முதலில் தொடும். அங்கிருந்து இங்கே வர முக்கால் மணி நேரம். அது சுமந்துவரும் காந்தப்புலம் வடக்கு பார்த்திருந்தால் பயமில்லை. தெற்கே திரும்பினால் ஊருக்கே மின்சாரம் போகலாம். முன்பெல்லாம் காற்றின் வேகம் கூடியதுமே, திசைக்குக் காத்திராமல் மின்கட்டுப்பாட்டு அறையை எச்சரித்துவிடுவேன். மூன்று முறை எச்சரித்தேன். மூன்று முறையும் வடக்கு.

பிறகு நடந்த கூட்டத்தில் மின்கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் எழுந்தார்.

"சார், உங்க காத்து எங்க வீட்டுத் துணியைக்கூடக் காயவைக்கல."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய எங்கள் ஆய்வக இயக்குநரும் சிரித்தார். "இனிமே உறுதியா தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க சார்" என்றார். அன்றிலிருந்து நான் 'காத்து சார்'. வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது, மறைக்கமாட்டேன்.

அந்தக் காலையில் பணியில் இருந்தது நான்தான். புலம் தெற்கே திரும்பியது. திரையில் கோடு இறங்கிக்கொண்டே போயிற்று. தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் உறுதியாகத் தெரிந்தால்தானே சொல்ல வேண்டும்? கருவியில் பிழையோ என்று சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன். சொன்ன விதிப்படி நடந்தேன், அவ்வளவுதான்.

ஊர் முழுக்க விளக்கு அணைந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடவில்லையாம். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்கள் இறந்துபோனார்கள், அந்தப் பொறியாளரின் தாயாரும் அவர்களில் ஒருவர் என்கிறீர்கள். வருத்தம்தான். ஓடாத ஜெனரேட்டருக்கு நானா பொறுப்பு? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று எத்தனை முறை சொல்வது?

என் மனைவியையும் விசாரித்தீர்களாமே. ஆமாம், அன்று அதே மருத்துவமனையில் அவளுக்குக் கண் அறுவை சிகிச்சை. விளக்கு அணைவதற்கு அரைமணி முன்னால் அவளை அழைத்தேன்.

"ஆபரேஷன் வேண்டாம். லிஃப்ட்ல ஏறாத, படி வழியா இறங்கி உடனே வீட்டுக்குப் போயிடு."

"ஏங்க, டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"யார்கிட்டயும் எதுவும் சொல்லாத."

அது குடும்ப விஷயம். இந்த வழக்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?