சாமை உமி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வேலூரிலிருந்து அமிர்தி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மலைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஒரு கண்ணில் பஞ்சுக் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது.

“எங்க ஊர்ல கண்ணு டாக்டரே நான்தாங்க்கா” என்று அவர் சொன்னதும்தான் நான் காது கொடுத்தேன்.

அவர் பக்கத்தில் இருந்த கூடைக்கார அம்மா கேட்டாள்: “அப்புறம் இன்னாத்துக்கு தம்பி வேலூருக்கு வந்த?”

“சாமை அடிக்கிறப்போ யார் கண்ணுல உமி வுழுந்தாலும் எங்கிட்டதான் வருவாங்க. இமையைத் திருப்பி நாக்கு நுனியால எடுத்துடுவேன். எம் பொண்ணு கண்ணுல வுழுந்தது மட்டும் வரல. நாலு நாளு பார்த்தேன். கண்ணு பழுத்த மொளகா மாதிரி ஆயிடுச்சு.”

“பெரிய டாக்டரு இன்னா சொன்னாரு?”

“ஒரே நிமிசத்துல எடுத்துட்டாரு. கண்ணுக்கு ஒண்ணும் இல்லியாம். ‘உமியால இல்லய்யா, எவனோ நோண்டி நோண்டித்தான் இப்படி வீங்கியிருக்கு. யார் அவன்?’னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“எங்க ஊர்ல ஒரு முட்டாளு இருக்கான் சார்னேன். ‘இனிமே எந்தக் கொழந்த கண்ணையும் தொடக் கூடாதுன்னு அவன்கிட்ட கண்டிச்சுச் சொல்லு’ன்னாரு.”

கூடைக்கார அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “சொல்லுவியா?”

குழந்தையின் பஞ்சுக் கட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கப் போன கையை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“பஸ் ஏறினதுலேர்ந்து சொல்லிக்கினுதாங்க்கா வர்றேன். கேக்கணுமே அவன்.”