எண்பது சுற்றுக்கு எண்பது பணிஸ்

செவ்வாய்க்கிழமை காலை. மில்லிக்கனிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் பணிஸ் என்னும் இனிப்பு பன் நிறைந்த பெரிய பெட்டி.

"எண்பது சுத்து எண்டு ஆர் கண்டது? சுத்துக்கு ஒரு பணிஸ் கோயிலிலை குடுக்கிறன் எண்டு அந்தோனியாருக்கு நேந்துபோட்டன்."

"என்ன சுத்து, அக்கா?"

"கார் ரேஸடி. இவர் ரீவீயிலை கிராண்ட் பிறீ பாத்துக்கொண்டிருந்தவர். ஓடுறவைக்கே பிடிக்காத இடமாம் அது, முழுக்கக் குண்டும் குழியும். பாக்கக்கூட ஆக்களில்லை. ஒரு பச்சைக் கார் புகைச்சுப் புகைச்சு முன்னுக்கு வருது. பாவமாக் கிடந்துது, நேந்தன். அவன் வெண்டிட்டான்."

"நல்லதுதானே."

"எங்கை? இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அது நான் பிறக்கமுதல் ஓடின ரேஸாம். படம் மங்கலாத்தான் இருந்தது, நான் ரீவீ பழுதாக்கும் எண்டு நினைச்சன்."

இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அப்ப நேத்தி செல்லாதக்கா. அவன் எப்பவோ வெண்டவன்."

"ஏன் செல்லாது? நான் பிறகு நேருவன் எண்டு அந்தோனியாருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்தானே?"

சிரிப்பு நின்றது. இரண்டு தரிப்பிடங்கள் தாண்டின. பிறகு இளையவர் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"அக்கா, என்ரை மகள் போன மாசம் லைசென்ஸுக்குக் கார் ஓடுற றோட் ரெஸ்ற்றிலை பெயிலானவள். அதுக்கு இப்ப நேந்தால் சரிவருமோ?"