மெல்பேர்னில் கழற்றிய செருப்பு

எங்கள் ஊரில், மல்வேர்னுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் அந்தக் கிழமைதான் அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பியிருந்தார்.

“மகளின்ரை முதல் கண்காட்சியை நான்தான் குழப்பிப்போட்டன்,” என்றார்.

“என்ன செய்தனீங்கள், அக்கா?”

“மெல்பேர்னிலை ஒரு பெரிய அறை. நிலம் முழுக்க வெள்ளை மணல், நடுவிலை ஒரு விளக்கு. அதுதானாம் அவளின்ரை படைப்பு. நான் பழக்கத்திலை வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போயிட்டன். பின்னாலை வந்த வெள்ளைக்காரச் சனமும் அதுதான் முறையாக்கும் எண்டு சப்பாத்தைக் கழட்டத் தொடங்கிட்டுது.”

“மகள்?”

“மூலையிலை நிண்டு முழுசினாள். பிள்ளையை வெக்கப்படுத்திப்போட்டன் எண்டு எனக்கு அண்டைக்குச் சாப்பாடே இறங்கேல்லை.”

“ஏசினவளோ?”

“இல்லையப்பா. அடுத்த நாள் போய்ப் பாத்தால் வாசலிலை சப்பாத்துத் தட்டு வைச்சிருக்கிறாள். வெறுங்காலோடை மணலிலை நிண்டால் சனம் லேசிலை வெளியிலை போகுதில்லையாம். என்ரை செருப்பையும் வாங்கி மேல் தட்டிலை வைச்சாள். கண்காட்சி முடியுமட்டும் எடுக்கக்கூடாதாம்.”

“அப்ப எப்பிடிப் பிளேன் ஏறினனீங்கள்?”

அவர் காலை நடைபாதைப் பக்கம் நீட்டிக் காட்டினார். ஊதா நிறச் சப்பாத்து, மஞ்சள் நாடா.

“அவளின்ரையைப் போட்டுக்கொண்டுதான். இப்ப இதைக் கழட்ட மனமில்லை.”